டி.ஜே. ஸ்டென்ட்: பதினான்கு நாள் கணக்கு

"கல்லை எடுத்தாச்சு. ஆனா இப்பதான் போய்ட்டு வந்தேன், அதுக்குள்ள மறுபடியும் முட்டுது."

சிறுநீரகக் கல்லுக்கு உள்நோக்கிக் கருவி வழியாகச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களிடம் முதல் வாரத்தில் கேட்கும் பேச்சு இது. கல் போன இடத்தில் ஒரு குழாய் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் டி.ஜே. ஸ்டென்ட். இரு முனையும் ஆங்கில 'ஜே' எழுத்துபோல வளைந்திருப்பதால் 'டபுள் ஜே'. 1978இல் மருத்துவ உலகுக்கு அறிமுகமான இந்தக் குழாய், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை வழி அடைபடாமல் காக்கிறது. காக்கும் நாளெல்லாம் படுத்தவும் செய்கிறது. அந்தப் பாட்டைக் குறைக்க மருந்து உண்டு. எவ்வளவு மருந்து, எத்தனை நாள், எவ்வளவு பலன், என்ன செலவு என்று ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாம்.

குழாயின் அளவு

பெரியவர்களுக்குப் பரவலாக வைக்கப்படும் ஸ்டென்ட்டின் நீளம் 24 முதல் 26 செ.மீ. தடிமன் 'ஃபிரெஞ்ச்' என்ற அலகில் சொல்லப்படும். 1 ஃபிரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 6 ஃபிரெஞ்ச் ஸ்டென்ட் 2 மி.மீ. தடிமன்தான். தொல்லை தடிமனால் மட்டும் வருவதில்லை. கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையின் அடித்தளத்தில், உணர்ச்சி மிகுந்த முக்கோணப் பகுதியில் உரசுகிறது. பை பாதிகூட நிரம்பாதபோதே 'நிரம்பிவிட்டது' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. சிறுநீர் கழிக்கும்போது அழுத்தம் குழாய் வழியே மேலேறுவதால் இடுப்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலிக்கிறது.

நாளொன்றுக்கு 2,000 மி.லி. சிறுநீர் என்று கொள்வோம். 8 முறை போனால் தடவைக்கு 250 மி.லி. 16 முறை போனால் 125 மி.லி. வெளியேறும் நீர் ஒன்றே, நடைதான் இரட்டிப்பு. ஸ்டென்ட் 14 நாள் இருக்கும் என்று கொண்டால், அப்படி இரட்டிப்பதில் கூடுதலாக 112 நடை. அதில் ஒரு பங்கு நள்ளிரவு நடை.

எத்தனை பேருக்கு?

ஸ்டென்ட் தொல்லையை அளப்பதற்கென்றே 2003இல் ஒரு வினாத்தாள் வந்தது: 6 பிரிவுகள், 38 கேள்விகள். அதை உருவாக்கிய குழு அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்களில் 78 விழுக்காட்டினருக்குச் சிறுநீர் சார்ந்த தொந்தரவு இருந்தது. 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றாட வேலையைக் கெடுக்கும் வலி. வேலை செய்யும் திறன் குறைந்ததாகச் சொன்னவர்கள் 58 விழுக்காடு. எனவே "எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்ற கவலை வேண்டாம். ஐந்து பேரில் நால்வர் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

மருந்துப் பட்டியல்

மூன்று வகை மருந்துகள் புழக்கத்தில் உள்ளன.

முதல் வகை ஆல்ஃபா தடுப்பான்கள். சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியிலும் பையின் முக்கோணத்திலும் உள்ள தசையைத் தளர்த்துபவை. டாம்சுலோசின் நாளுக்கு 0.4 மி.கி., அல்ஃபுசோசின் 10 மி.கி.

இரண்டாம் வகை, பையின் தசை வேண்டாத நேரத்தில் இறுகுவதைத் தடுப்பவை. சொலிஃபெனசின் 5 மி.கி., டோல்டெரோடின் 4 மி.கி.

மூன்றாம் வகை, பையைத் தளர்த்தி நிரம்ப இடம் கொடுப்பது. மிராபெக்ரான், 25 அல்லது 50 மி.கி.

எல்லாமே நாளுக்கு ஒன்று. 14 நாளுக்குக் கூட்டினால் டாம்சுலோசின் 5.6 மி.கி., சொலிஃபெனசின் 70 மி.கி., மிராபெக்ரான் 50 மி.கி. அளவில் 700 மி.கி. எடையைப் பார்த்து வலுவை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

டாம்சுலோசின் முதலில் ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்காக வந்த மருந்து. அதனால் ஒரு பெண்ணின் சீட்டில் அதைப் பார்த்ததும் மருந்துக் கடையில் "இது ஆம்பளைங்க மாத்திரையாச்சே" என்று தயங்குவதுண்டு. ஸ்டென்ட் இருக்கும் பெண்களுக்கும் மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள், சீட்டில் தவறில்லை. பட்டையில் டாம்சுலோசினோடு டூடாஸ்டரைடு சேர்ந்திருந்தால் மட்டும் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கூட்டு மருந்து புராஸ்டேட்டுக்கானது. ஸ்டென்ட்டுக்கு அதனால் பயனில்லை, காசு மட்டும் கூடும். கர்ப்பிணிகள் டூடாஸ்டரைடைத் தொடவே கூடாது.

பலன் எவ்வளவு?

2006இல் வந்த ஓர் ஆய்வில் 100 பேர். பாதிப் பேருக்கு நான்கு வாரம் அல்ஃபுசோசின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து உண்டவர்களின் சிறுநீர்த் தொந்தரவு மதிப்பெண் 21.6, மற்றவர்களுக்கு 28.1. குறைவு 6.5 புள்ளி, ஏறத்தாழ 23 விழுக்காடு. வலி இருந்தவர்கள் 44 விழுக்காடு. வெற்று மாத்திரையில் 66 விழுக்காடு.

இந்த 22 விழுக்காட்டு வித்தியாசத்தை ஆள் கணக்கில் மாற்றுவோம். ஐந்து பேர் மருந்து உண்டால் கூடுதலாக ஒருவருக்கு வலி இல்லாமல் போகிறது. ஐந்து பேர், 28 நாள்: 140 மாத்திரை. 140 மாத்திரைக்கு வலி நீங்கியவர் ஒருவர். பெரிய அற்புதம் இல்லை. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது.

2011இல் ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 461 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆல்ஃபா தடுப்பான் உண்டவர்களுக்குச் சிறுநீர் மதிப்பெண் 8.4, வலி மதிப்பெண் 7.2 குறைந்திருந்தது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் ஆல்ஃபா தடுப்பானையும் இரண்டாம் வகை மருந்தையும் கொடுக்கலாம் என்கிறது.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் இரட்டிக்குமா? 2016இல் வந்த ஓர் ஆய்வில் டாம்சுலோசினோடு டோல்டெரோடினைச் சேர்த்ததால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. ஒன்றில் தொடங்கி, போதவில்லை என்றால் இன்னொன்றைப் பற்றிக் கேட்பது கைக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

நாள் கணக்கில் ஒரு நுணுக்கம்

மருந்து உடலில் முழு அளவுக்கு ஏற நாள் பிடிக்கும். டாம்சுலோசினுக்கு ஐந்தாம் நாள், மிராபெக்ரானுக்கு ஏழு நாள், சொலிஃபெனசினுக்கு ஏறத்தாழ பத்து நாள். அதற்கு முன் பலனே இல்லை என்பதல்ல. முழு அளவு அப்போதுதான் சேர்கிறது. 14 நாளில் எடுக்கப்போகும் ஸ்டென்ட்டுக்குச் சொலிஃபெனசின் முழு அளவில் நிற்பது நான்கே நாள். எட்டாம் நாள் வரை பொறுத்துவிட்டு அப்புறம் தொடங்கினால், ஸ்டென்ட் வெளியே வந்த பிறகுதான் அந்த அளவு வரும்.

பக்கவிளைவுப் பற்று

இந்த எண்கள் புராஸ்டேட், சிறுநீர்ப்பை நோயாளிகளிடம் நடந்த சோதனைகளிலிருந்து வருபவை. டாம்சுலோசின் 0.4 மி.கி.: தலைசுற்றல் 14.9 விழுக்காடு, வெற்று மாத்திரையில் 10.1. ஆண்களுக்கு விந்து வெளியேறுவதில் மாற்றம் 8.4, வெற்றில் 0.2. சொலிஃபெனசின் 5 மி.கி.: வாய் உலர்தல் 10.9, வெற்றில் 4.2, மலச்சிக்கல் 5.4, வெற்றில் 2.9. மிராபெக்ரான் 50 மி.கி.: இரத்த அழுத்த உயர்வு 7.5, வெற்றில் 7.6.

மிராபெக்ரான் கணக்கு சுத்தமாகத் தெரிந்தாலும், அழுத்தம் 180/110க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவர்களுக்கு அது கூடாது. குறுகிய கோணக் கண் அழுத்த நோய் கட்டுப்படாமல் இருந்தால் சொலிஃபெனசின் கூடாது. வயதானவர்களுக்கு இந்த வகை மருந்து குழப்பத்தையும் உண்டாக்கலாம். கண்புரை அறுவைக்கு நாள் குறித்தவர்கள் டாம்சுலோசின் உண்டதைக் கண் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்: அறுவையின்போது கருவிழிப் படலம் தொய்யும் சிக்கல் 2005இலேயே பதிவாகிவிட்டது.

ரூபாய்க் கணக்கு

விலை கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பட்டையின் விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து, நாள்களால் பெருக்குங்கள். கணக்குக்காக ஒரு மாத்திரை 10 ரூபாய் என்று வைத்தால் 14 நாளுக்கு 140 ரூபாய். இரண்டாவது மருந்து ஒன்று 25 ரூபாய் என்றால் 350. மொத்தம் 490. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் பொதுப்பெயர் மருந்து கிடைக்குமா என்று விசாரித்தால் இன்னும் குறையலாம்.

எதிர்ப்பக்கம் கூலி. 2025-26இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாயாக இருந்தது. இரண்டு நாள் படுத்தால் 672 போயிற்று. மருந்தால் அந்த இரண்டு நாள் மிஞ்சினால், மேலே போட்ட 490 ரூபாய் வந்துவிடுகிறது. கூலிக்காரருக்கு இது ஆடம்பரச் செலவு அல்ல.

கணக்கைப் பெருக்கும் எண்

மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் பெருக்குவது நாள்கள்தான். 14க்குப் பதில் 90 நாள் என்றால் அந்த 490 ரூபாய் 3,150 ஆகிறது. பணத்தைவிடக் கொடியது படிவம். 1991இல் 290 நோயாளிகளின் 299 ஸ்டென்ட்டுகளை ஆராய்ந்தபோது, 6 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 9.2 விழுக்காட்டில்தான் கல் படிந்திருந்தது. 6 முதல் 12 வாரத்தில் எடுத்தவற்றில் 47.5. அதற்கும் மேல் போனவற்றில் 76.3. மாத்திரை தொல்லையை மறக்க வைக்கும்; சிலருக்கு ஸ்டென்ட்டையே மறக்க வைத்துவிடும். மறந்த ஸ்டென்ட்டை எடுக்க மறுபடியும் அறுவை வரை போக நேரும்.

சிக்கலில்லாத சிகிச்சைக்குப் பின் எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டால் எந்தத் தேதியில் எடுப்பார்கள் என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு, வெளியேற்றச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டு நாள்காட்டியிலும் வட்டம் போடுங்கள். குளிர் காய்ச்சல், கட்டிகட்டியாக இரத்தம், சிறுநீர் நின்றுபோதல் ஆகியவற்றுக்கு மாத்திரை மாற்றிப் பார்க்க நேரமில்லை, அன்றே மருத்துவமனை. மற்றத் தொல்லைக்கெல்லாம் மருந்து பாரத்தைக் குறைக்கும். கணக்கை முடித்து வைப்பது அந்த வட்டம் போட்ட தேதிதான்.