வைக்கோலில் உபரி எவ்வளவு?

அறுவடை முடிந்த வயல்களில் கிடக்கும் வைக்கோல் இப்போது தொழில் துறையினரின் கண்ணில் பட்டிருக்கிறது. காகிதம், அட்டை, கொதிகலனுக்கு எரிகட்டி, எத்தனால் எனப்படும் எரிசாராயம், சாணத்தோடு சேர்த்தால் எரிவாயு என்று அதன் உபயோகங்கள் பலவாகக் கூறப்படுகின்றன. இவை யாவும் செய்யக்கூடியவையே. ஆயினும், "வீணாகும் வைக்கோல்" என்று சொல்லப்படுவது உண்மையில் எவ்வளவு என்பதை அளந்து பாராமல் எந்தச் சங்கமும் நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாகாது.

தேசிய அளவிலான கணக்குகளே நம்மை எச்சரிக்கப் போதுமானவை. நம் நாட்டில் ஆண்டுதோறும் உண்டாகும் பயிர்க்கழிவு சுமார் 50 கோடி டன் என்றும், அதில் உபரி 12 முதல் 15 கோடி டன் என்றும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் முன்னர் தெரிவித்து வந்தது. பின்னர் அதன் ஆதரவில் நடைபெற்ற ஆய்வு, மொத்தம் 75 கோடி டன், உபரி 23 கோடி டன் என்று மதிப்பிட்டது. இந்த வேறுபாடு முழுவதும் வயலில் விளைந்ததென்று கொள்வதற்கில்லை; கணக்கிடும் முறை மாறினால் உபரியும் மாறிவிடுகிறது.

பஞ்சாபில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பவை இரண்டு மூன்று வாரங்களே. அங்கு மாடுகளுக்குக் கோதுமை வைக்கோலே விருப்பமான தீவனம். பாசுமதி தவிர்ந்த நெல்லின் வைக்கோலைப் பெரும்பாலும் எவரும் விரும்புவதில்லை. எனவே குடியானவர் தீயிடுகிறார். டில்லி வரை புகை சூழ்கிறது. ஹரியானாவின் பானிப்பட்டில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எத்தனால் ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கும் நோக்கத்துடன் அமைக்கப்பட்டது. எரிக்கப்படும் பொருளை எடுத்துக்கொள்வதால் அங்கு எவருடைய மாடும் பட்டினி கிடக்கப்போவதில்லை.

காவிரிப் படுகையின் நிலைமை வேறு. இங்கே நெல் வைக்கோல்தான் மாட்டின் அன்றாட உணவு. தஞ்சை, திருவாரூர் வட்டாரங்களிலிருந்து லாரிகளில் ஏறும் வைக்கோல் கேரளம் வரை செல்கிறது. பஞ்சாபின் கணக்கை அப்படியே இங்கு பொருத்துவது பெரும் தவறாகும்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு 1,000 ஏக்கர் சம்பா நிலம் இருப்பதாகக் கொள்வோம். ஏக்கருக்கு 2 டன் நெல். பழைய நெட்டை ரகங்களில் நெல்லைவிட வைக்கோலே அதிக எடையிருக்கும். 1960களில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலியவை வந்த பிறகு பயிரின் உயரம் குறைந்தது, வைக்கோலும் குறைந்தது. பழைய விகிதங்களைக் கொண்ட அட்டவணைகளை இன்றும் எடுத்தாள்வோர் உளர். அவர்கள் காட்டும் மிகுதி ஏட்டில் மட்டுமே இருக்கும். ஆகவே நெல்லுக்குச் சமமாக 2 டன் வைக்கோல் என்று வைப்போம். மொத்தம் 2,000 டன்.

அறுவடை இயந்திரம் தாளை உயரமாக விட்டு அறுக்கிறது. எஞ்சியதிலும் ஒரு பகுதியைக் கூளமாக்கி விடுகிறது. இவற்றுக்காக நூற்றுக்கு 40 பங்கு கழித்தால், அள்ளக்கூடியது 1,200 டன். ஈரம் வடியாத பள்ள வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரம் இறங்காது. அதற்கு 150 டன் கழிப்போம். மிச்சம் 1,050. கிராமத்தில் 300 மாடுகள், நாள் ஒன்றுக்குத் தலா 5 கிலோ என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 550 டன் வேண்டும். காளான் வளர்ப்பு, மூடாக்கு, கூரை, சில்லறைத் தேவைகளுக்கு 50 டன். போரில் மக்குவதற்கும், மழை பொய்க்கும் ஆண்டின் தீவனச் சேமிப்புக்குமாக 150 டன். கடைசியில் நிற்பது 300 டன். அதாவது 2,000 டன்னில் நூற்றுக்கு 15 பங்கு! பானிப்பட்டு ஆலையைப் போன்ற ஒன்றை நிரப்ப இத்தகைய சங்கங்கள் 650க்கு மேல் தேவைப்படும்.

கால்நடை மிகுந்த ஊரில் இந்த 300 டன்னும் இராது. நிலமில்லாதவர்களின் மாடுகளையும், இரண்டு பசுக்களை நம்பித் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் குடும்பங்களையும் கணக்கெடுக்க மறந்துவிட்டு, நிலமுடையோரின் தொழுவத்தை மட்டும் எண்ணி உபரி காண்பது நியாயமாகாது. ஆலை வாங்கத் தொடங்கியதும் வைக்கோல் விலை உயரும். விற்பவருக்கு அது லாபம். விலைக்கு வாங்கி மாட்டுக்கு இடுபவருக்கு அதுவே சுமை. இருவரும் ஒரே சங்கத்தில் அங்கத்தினர்களாக இருக்கிறார்கள் என்பதை நிர்வாகக் குழு மறக்கலாகாது.

மண்ணின் பங்கும் உண்டு. ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 15 முதல் 20 கிலோ சாம்பல் சத்தும் அடங்கியுள்ளன. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருக்கும் சாம்பல் சத்து 30 கிலோ. எனவே 2 டன் வைக்கோல் விற்கும் குடியானவர் ஒரு மூட்டைப் பொட்டாஷையும் சேர்த்தே வண்டியில் ஏற்றிவிடுகிறார். அம்மூட்டையின் விலை வைக்கோல் விலையில் அடங்கியிருக்கிறதா என்று கேட்பது அவருடைய உரிமை.

இனி, வாங்குவோர் தரப்பைச் சிறிது பார்ப்போம். நெல் வைக்கோல் எளிதில் வசப்படும் சரக்கன்று. அதை எரித்தால் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை சாம்பல் நிற்கும். அதில் பெரும்பகுதி சிலிகா. காகித ஆலையில் கூழ் காய்ச்சிய கருந்திரவத்திலிருந்து ரசாயனங்களை மீட்கும்போது இந்தச் சிலிகா குழாய்களில் படிந்து அடைக்கிறது. கொதிகலனிலோ பொட்டாசியம் சாம்பலை உருக்கிக் கட்டியாக்குகிறது. சாயப்பட்டறைக் கொதிகலன்களில் விறகுக்குப் பதிலாக வைக்கோல் எரிகட்டி இட விரும்புவோர் அடுப்பின் அமைப்பை முதலில் ஆராய வேண்டும். நாரும் குட்டையானது, சேலைப் பெட்டிக்கான அட்டைக்கு ஏற்குமேயன்றி, ஜக்கார்டு அட்டை போல் ஓயாது அடிபடும் பொருளுக்குத் தனியே போதாது.

கரூரை அடுத்த காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்து வருவதை நண்பர்கள் எடுத்துக்காட்டக்கூடும். சக்கை, சர்க்கரை ஆலையின் முற்றத்தில் தானாகவே குவிகிறது. வைக்கோலோ ஆயிரம் வயல்களில் சிதறிக் கிடக்கிறது. சில வாரங்களுக்குள் அள்ளி, ஓராண்டு காக்க வேண்டும். கட்டிய வைக்கோலே கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் நிற்கும். நமது 300 டன்னுக்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள போர்கள் மூன்று வேண்டும். தீக்கு அஞ்சி அவற்றிடையே இடைவெளியும் வேண்டும்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் மாகாணத்தில் இதையெல்லாம் ஒரு காலத்தில் செய்து காட்டினார்கள். அங்கே வைக்கோல் அட்டைத் தொழில் செழித்தபோது, நியாயமான விலை வேண்டிக் குடியானவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாங்களே கூட்டுறவு ஆலைகளை நிறுவினார்கள். ஸ்கேம்டா என்ற ஊரிலிருந்த ஆலைக்கு "எதிர்காலம்" என்று பெயர். அவ்வாலைகளின் கழிவுநீர் கால்வாய்களை நாறச் செய்தது. பழைய காகிதம் மலிவான மூலப்பொருளாக வந்து வைக்கோலை வெளியேற்றியது. 1960களின் இறுதியில் "எதிர்காலம்" மூடப்பட்டது. எனினும் இரண்டு தலைமுறைகள் அக்குடியானவர்கள் தம் வைக்கோலுக்குத் தாமே விலை கூற முடிந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை.

ஒப்பந்தம் பேசும் சங்கங்கள், எடையை மட்டுமன்றி ஈரத்தையும் விலையோடு இணைக்க வேண்டும். நூற்றுக்கு 25 ஈரமுள்ள 10 டன் சுமையில் உலர்ந்த சரக்கு 7.5 டன், 12 ஈரமுள்ளதில் 8.8 டன். நன்றாக உலர்த்தித் தருபவர் அதற்குரிய கூடுதல் பெறும்படி எழுதிக்கொள்ள வேண்டும். மேலும், இத்தனை டன் கட்டாயம் தருவோம் என்று ஒப்புவதைவிட, தீவனம் போக எஞ்சியதைத் தருவோம் என்று ஒப்புவதே வறட்சி ஆண்டில் நம்மைக் காக்கும். குறுவை வைக்கோலை இதில் சேர்க்காதிருப்பது நலம். ஐப்பசி மழை அதைப் பல ஆண்டுகளில் நனைத்து அழுக்கி விடுகிறது.

அளவெடுப்பது கடினமான காரியமன்று. தை அறுவடையின்போது மேடு, பள்ளம், நடுத்தரம் என்று பத்து வயல்களைத் தேர்ந்துகொள்க. இயந்திரம் வைக்கோலை ஒரே வரிசையாகத் தள்ளிச் செல்வதால், கண்ட இடத்தில் ஒரு பிடி எடுத்தால் கணக்குத் தவறும். இயந்திரத்தின் வெட்டு அகலத்தை அளந்து, அவ்வரிசையில் ஒரு மீட்டர் நீளத்திலுள்ள வைக்கோல் முழுவதையும் வாரி, உலர்த்தி நிறுத்து, அகலத்தால் வகுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் வந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 கிலோ; 200 கிராமே வந்தால் 800 கிலோ. பிறகு வீடுதோறும் சென்று மாடுகளை எண்ணுக.