மாத்திரை தவறும் வயது

எச்.ஐ.வி. தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில், சிகிச்சை கிடைக்காவிட்டால், ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இந்திய அரசு 2004 ஏப்ரலில் கூட்டு மருந்து சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதலில் திறக்கப்பட்ட ஏ.ஆர்.டி. மையங்களுள் ஒன்று. குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006 இறுதியில் வந்தது. அன்று பாட்டியின் இடுப்பில் மையத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு இன்று இருபது வயதுக்கு மேல் ஆகிறது. பின்னாளில் பாலுறவு வழியாகத் தொற்று பெற்ற இளைஞர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். இரு சாராருக்கும் மருந்து ஆயுள் முழுக்கத் தேவை. ஆனால், நடுவயதினரைவிட இளைஞர்களிடையேதான் சிகிச்சை அதிகம் அறுபடுகிறது என்பதே பல நாடுகளின் அனுபவம்.

மருந்தை நிறுத்த முடியாததற்கு வைரஸின் வாழ்முறையே காரணம். எச்.ஐ.வி. தன் மரபுக்குறிப்பை, நோயெதிர்ப்புக்கு உதவும் சிடி4 செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அப்படிப்பட்ட செல்களில் சில ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மருந்துகள் பெருகும் வைரஸைத்தான் தடுக்கின்றன. உறங்கும் வைரஸை அவற்றால் தொட முடியாது. சிகிச்சை நின்றால், பெரும்பாலானோரிடம் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி ரத்தத்தில் பெருகுகிறது. உடல்நிலை அப்போதும் நன்றாகவே தோன்றும். இளம் உடலுக்கு இது இன்னும் பொருந்தும். விட்டதன் விளைவு தெரியவே மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம் என்பதால், விடுவது எளிதாகிறது.

அரைகுறையாக உட்கொள்வதில் வேறோர் ஆபத்து உண்டு. எச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்துவதில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்திருக்கும் வேளையில், பிழையால் உருவான ஏதோவொரு வடிவம் அந்த மருந்தை வெல்லக்கூடியதாக இருந்தால் அதுவே பெருகிவிடும். முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட நெவிரபின், எஃபாவிரென்ஸ் ஆகியவற்றை ஒரே ஒரு திடீர்மாற்றம் செயலிழக்கச் செய்துவிடும். தற்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை தினம் ஒன்று என்று தரப்படுகிறது. டோலுடெக்ராவிரை எதிர்ப்பது வைரஸுக்குக் கடினம். ஆகவே, மருந்தை விட்டுத் திரும்பி வரும் இளைஞருக்கு அதே மாத்திரை மறுபடி பலனளிக்கும் வாய்ப்பு முன்பைவிட மிக அதிகம். சிறுவயதிலிருந்தே பழைய மருந்துகளை உட்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு சிறு எச்சரிக்கை: இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறைந்துவிடும்.

மருந்து இவ்வளவு எளிதான பிறகும் அது தவறுவது ஏன்? மறதி என்று பதிவேட்டில் எழுதிவிடுவது சுலபம். உண்மையில் பல வேளைகளில் தொற்றை மறைக்க வேண்டிய நெருக்கடியே மருந்தைத் தவறவைக்கிறது. விடுதி அறையில் டப்பாவைத் திறந்தால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். வேறு ஊரில் வேலை கிடைத்தால், மாதாமாதம் மையத்துக்கு வர எந்தக் காரணம் சொல்லி விடுப்பு கேட்பது? கல்யாணப் பேச்சு எழும்போது சிலர் மருந்தையே ஒளித்துவிடுகிறார்கள். தாய், தந்தையை இழந்து தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்களுக்கு, வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த கையும் ஒரு நாள் இல்லாமல் போகிறது. சத்து மாத்திரை என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளை, பதினாறு வயதில் உண்மையைத் தற்செயலாகத் தெரிந்துகொண்டால் மருந்தின் மீதும் பெரியவர்களின் மீதும் ஒருசேரக் கோபம் கொள்கிறது. வயதுக்கேற்பப் பள்ளிப் பருவத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011 முதல் வலியுறுத்துவது இதனால்தான்.

மாத்திரையை விட்டுவிட்டு வருபவரைத் திட்டும் மையத்துக்கு அவர் மறுபடி வரமாட்டார். எத்தனை வேளை தவறியது என்று பயமின்றிச் சொல்ல இடம் வேண்டும். வேலை பார்க்கும் ஊரின் மையத்துக்கு மாற்றிக்கொள்ளவும், பல மாத மருந்தைச் சேர்த்து வாங்கவும் வழி வேண்டும். ஜிம்பாப்வேயில் ஸ்வான்டிரி என்ற அமைப்பு, எச்.ஐ.வி.யுடன் வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி தந்து, அதே நிலையிலுள்ள பதின்வயதினரின் வீடுகளுக்கு அனுப்புகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த ஆதரவு பெற்றவர்களிடையே, வைரஸ் கட்டுக்குள் வராதவர்கள் அல்லது இறந்தவர்களின் மொத்த விகிதம் குறைந்திருந்தது.

இளைஞர்களிடம் உரக்கச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவு வழியாக அது துணைவருக்குப் பரவுவதில்லை. காதலிக்கலாம், மணக்கலாம், தொற்றில்லாத குழந்தையைப் பெறலாம். பயமுறுத்தலைவிட இந்த நம்பிக்கை மாத்திரையோடு ஒருவரை நெருக்கமாகப் பிணைக்கும். இந்தியாவில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. ஆனால் அப்படியொரு சட்டம் இருப்பது இந்த இளைஞர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

தினசரி மாத்திரைக்கு மாற்றாக, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிகள் சில நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. ஒளித்துவைக்க டப்பா இல்லை என்பதே இளைஞர்களுக்கு இதன் பெரிய ஈர்ப்பு. ஆனால் ரில்பிவிரினைக் குளிர்பதனத்தில் வைக்க வேண்டும்; கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்த அளவு மருந்து பல மாதங்கள் உடலில் தங்கும். அந்த இடைவெளியில் வேறு மருந்து எடுக்காதவரிடம் மருந்தை எதிர்க்கும் வைரஸ் உருவாகலாம். எனவே ஊசிக்கு மாறுபவரும் தேதி தவறாமல் மையத்துக்கு வர வேண்டும். அதற்கு விடுப்பும் பயணச்செலவும் கேள்வி கேட்காத ஓர் ஆளும் வேண்டும்.