வலெஸ்கா கெர்ட்: ‘குணச்சித்திர’த்தின் அரசியல்

‘குணச்சித்திர நடிகை’ என்கிற சொல்லை அதிகம் யோசிக்காமலே நாம் புழங்கிக்கிட்டு வருகிறோம். அப்படியானால் கதாநாயகிக்குக் குணம் கிடையாதா என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்கு அழகு போதும்; குணத்தைச் சுமக்க வேறொருத்தி வேண்டும். மாமியார், தரகி, வேலைக்காரி, விடுதிக் காப்பாளர் என்று அந்த வேறொருத்திக்குத் தரப்படும் வேடங்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒரு சமூகம் தன் வன்முறையை யார் முகத்தில் ஒட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது என்பது தெரியும். ஜெர்மன் நடிகை வலெஸ்கா கெர்ட்டின் (1892–1978) திரைவாழ்வை இந்த இடத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கெர்ட், பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1916இல் நடனக்காரியாக மேடையேறினார். அந்தக் காலத்து நவீன நடனம் அழகையும் ஆன்மாவையும் தேடிக்கொண்டிருந்தது. இவர் ஆடியதோ பாலியல் தொழிலாளியை, குத்துச்சண்டையை, தெருப் போக்குவரத்தை, கைக்குழந்தையை, சாவை. பாலியல் தொழிலாளியை ஆடும்போது வாங்குபவன் மேடையில் இல்லை. விற்கப்படும் உடலின் உழைப்பும் அயர்ச்சியும் மட்டும்தான் உண்டு. ‘இடைவேளை’ என்றொரு நடனம். திரையரங்கில் ரீல் மாற்றும் நேரத்தில் மேடைக்கு வந்து அசையாமல் நிற்பார், அவ்வளவுதான். வேகத்தை வழிபட்ட ஒரு நகரத்தில் அசைய மறுப்பதே விமர்சனமாகிவிடுகிறது. காவிய அரங்கு என்றால் என்ன என்று தாம் கேட்டதற்கு, நீங்கள் செய்வதுதான் அது என்கிற பொருளில் பிரெக்ட் பதில் சொன்னதாக கெர்ட் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த உடலை சினிமா என்ன செய்தது? ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கிய மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘மகிழ்ச்சியற்ற தெரு’ (1925): முதல் உலகப்போருக்குப் பிந்தைய வியன்னா, பணவீக்கம், கசாப்புக்கடை வாசலில் இரவெல்லாம் நீளும் வரிசை. கிரெட்டா கார்போ, வறுமைக்குள் விழும் நடுத்தர வர்க்கத்துப் பெண். கெர்ட், துணிக்கடையை முன்னால் வைத்து விடுதி நடத்தும் திருமதி கிரைஃபர். (பெயரின் வேர்ச்சொல்லுக்கே ‘பற்றிப்பிடி’ என்றுதான் அர்த்தம்.) அப்போது கெர்ட்டுக்கு வயது 33. கார்போவுக்கு ஒரு ரோமக் கோட்டைக் கடனாகக் கொடுக்கிறார்; அந்தக் கடன்தான் தூண்டில். முதல் முறை பார்த்தபோது எனக்கும் அவர்மேல் வெறுப்புதான் வந்தது. அதுதானே படம் வேண்டுவது! ஊக வணிகமும் பசியும் சேர்ந்து செய்த கொடுமை ஒரு பெண்ணின் பேராசையாகச் சுருங்கிவிடுகிறது. மேடையில் பாலியல் தொழிலாளியின் தரப்பில் நின்ற உடல், திரையில் அவளை விற்பவளாக மாற்றப்பட்டாச்சு.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. ‘தொலைந்துபோன ஒருத்தியின் நாட்குறிப்பு’ (1929) படத்தில் லூயிஸ் புரூக்ஸ் அடைக்கப்படும் சீர்திருத்தப் பள்ளியில் இயக்குநரின் மனைவியாக வருகிறார் கெர்ட். அவர் தட்டும் தாளத்துக்குப் பெண்கள் சூப்பைக் குடிக்க வேண்டும். அவர் தாளத்துக்கே உடற்பயிற்சியும் செய்ய வேண்டும். தாளம் வேகமெடுக்க எடுக்க அந்த முகத்தில் ஒரு கிளர்ச்சி ஏறி உச்சத்துக்குப் போகிறது. ஃபூக்கோ 1975இல் ஒழுங்குபடுத்தப்பட்ட உடல்கள் பற்றி எழுதியதை வாசித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது: ஒழுங்கை நடத்துபவரின் இன்பம். அதிகாரம் கடமைக்காக மட்டும் செய்யப்படுவதில்லை, ருசித்துச் செய்யப்படுகிறது. இதை வசனம் சொல்லவில்லை (மௌனப்படம்தானே). ஒரு நடனக்காரியின் கழுத்தும் தோளும் சொல்கின்றன. வேடத்துக்குள் கரைந்துவிடாமல் அதைக் கொஞ்சம் மிகையாக்கி, ‘பாருங்கள், இப்படித்தான் நடக்கிறது’ என்று காட்டுகிறார். வில்லியைத் தந்த படத்துக்குச் சாட்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிறார் நடிகை.

பேசும்படமான ‘மூன்று காசு நாடகம்’ (1931) படத்தில் பிச்சைக்காரர்களை வைத்துத் தொழில் நடத்தும் பீச்சமின் மனைவி. ஏழைமையையே சரக்காக்கும் குடும்பத்தின் இல்லத்தரசி! 1933இல் நாஜிகள் வந்தார்கள். யூதரான அவருக்கு ஜெர்மனியில் மேடை இல்லை, திரையும் இல்லை. லண்டன் போனார், பிறகு அமெரிக்கா. நியூயார்க்கில் 1941இல் ‘பெக்கர் பார்’ என்ற சிறு காபரேயைத் தொடங்கினார். பின்னாளில் ‘லிவிங் தியேட்டர்’ குழுவைத் தோற்றுவித்த ஜூடித் மலினாவும், நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸும் இளம் வயதில் அங்கே வேலை பார்த்தவர்கள்.

போர் முடிந்து பெர்லின் திரும்பி, 1950இல் ‘சூனியக்காரியின் அடுக்களை’ என்ற காபரேயை நடத்தினார். அங்கே அவர் நடித்துக்காட்டிய பாத்திரங்களில் ஒன்று, புக்கன்வால்ட் வதைமுகாம் தளபதியின் மனைவி இல்ஸே கோக். 1929இன் சீர்திருத்தப் பள்ளியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது நான் திடுக்கிட்டுப்போனேன். அங்கேயும் நிர்வாகியின் மனைவி, இங்கேயும் நிர்வாகியின் மனைவி. வைமர் சினிமாவில் ஹிட்லரின் வருகை முன்கூட்டியே தெரிந்தது என்று கிரகௌவர் 1947இல் வாதிட்டார். எனக்கு அந்தத் தீர்க்கதரிசன மொழியில் உடன்பாடில்லை. 1929இல் கெர்ட் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை. கண்ணெதிரே இருந்த பள்ளியை, விடுதியை, குடும்பத்தைத்தான் பார்த்தார். பாசிசம் வெளியிலிருந்து வந்த பூதமில்லை. தாளம் தட்டும் கை ஏற்கெனவே அங்கே இருந்தது.

யார் நினைக்கப்படுகிறார்கள் என்பதும் அரசியல்தான். ‘மகிழ்ச்சியற்ற தெரு’வில் கசாப்புக்காரனாக நடித்த வெர்னர் கிரவுஸ், நாஜிகளின் யூத வெறுப்புப் படமான ‘யூத் ஸுஸ்’ஸில் (1940) பல யூத வேடங்களைப் போட்டவர். 1954இல் அவருக்கு ஜெர்மன் நாடக உலகின் பெரும் கௌரவமான இஃப்லாண்ட் மோதிரம் கிடைத்தது. அதே படத்தில் நடித்து, பிறகு நாடு கடந்து ஓட நேர்ந்த கெர்ட்டுக்கு ஜெர்மன் திரைப்பட விருது வந்து சேர்ந்தது 1970இல். அவர் அப்போது ஸ்யுல்ட் தீவில் ‘ஆட்டுத்தொழுவம்’ என்ற சிறு மதுவிடுதியை நடத்திக்கொண்டிருந்தார்.

முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் அவரைத் திரைக்குத் திரும்ப அழைத்தவர் ஃபெல்லினி: ‘ஆவிகளின் ஜூலியட்’ (1965), ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்லமுடியாத ஒரு குரு. பிறகு புதிய ஜெர்மன் சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். ஷ்லோண்டோர்ஃப் 1976இல் அவரைத் தன் படத்தில் நடிக்கவைத்தார். அடுத்த ஆண்டு அவரைப் பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஹெர்சாக் தன் ‘நாஸ்ஃபெராத்து’வுக்காக அவரை ஒப்பந்தம் செய்திருந்தார். படப்பிடிப்புக்கு முன்பே, 1978 மார்ச்சில், கெர்ட் இறந்துபோனார்.

பழைய படம் பார்க்கையில் நம் கண் நாயகியின் முகத்திலேயே தங்கிவிடப் பழகியிருக்கிறது. கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். சட்டகத்தின் ஓரத்தில் ரோமக் கோட்டோடு நிற்கிற, தாளம் தட்டுகிற அந்தப் பெண்ணை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், அது சுலபம். அவளை அங்கே நிறுத்தியது யார் என்று கேட்க ஆரம்பித்தால்தான் படம் நமக்குப் பிடிபடும்.