ஹஜ்ஜுக்குப் போகும் கால்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று அம்பாறைக் கரையோர ஊர்களில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போகிறார் என்றால் வீடே ஆயத்தமாகும். இஹ்ராம் துணி வாங்குவார்கள், துஆக்களைப் பாடமாக்குவார்கள், சொந்தபந்தங்களிடம் போய் ஸலாம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு வருவார்கள். செருப்பைப் பற்றிய யோசனை மட்டும் பலருக்குப் புறப்படும் நேரத்தில்தான் வருகிறது. அவசரத்தில் வாங்கிய அந்தப் புதுச் செருப்பு மக்காவில் கடிக்கத் தொடங்கும்.

ஹஜ்ஜில் நடைதான் அதிகம். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஒரு தடவை நடப்பது சுமார் 450 மீற்றர். ஏழு தடவையும் முடிக்கும்போது மூன்று கிலோமீற்றர் தாண்டிவிடும். தவாபில் கூட்டம் நெருக்கி வெளியே தள்ளத் தள்ள ஒவ்வொரு சுற்றும் நீளும். மேல்மாடியில் சுற்றினால் தூரம் இன்னும் கூடும். மினாவிலிருந்து அரபா ஏறத்தாழ 14 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து பிரதான வீதியில் நிந்தவூரையும் தாண்டிப் போகும் தூரம் அது. பஸ்ஸும் 2010 முதல் ரயிலும் ஓடுகின்றன. ஆனாலும் நெரிசலில் இறங்கி நடப்பவர்கள் ஏராளம். போதாததற்கு வெயில்: 2024 ஜூனில் மக்காவின் வெப்பநிலை 51 பாகை செல்சியஸைத் தாண்டியது.

இந்த நடையில் முதலில் வருவது கொப்புளம். வியர்வையில் ஊறிய தோல் செருப்புப் பட்டியோடு திரும்பத் திரும்ப உராயும்போது மேல்தோலின் அடுக்குகள் விலகி, இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. அதற்கு முன்பே அந்த இடம் சுள்ளென்று எரியும். அப்போதே ஓரமாக நின்று, காலைத் துடைத்துப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலை உரிக்கக் கூடாது. கிருமி புகாமல் காப்பது அந்தத் தோல்தான்.

அடுத்தது குதிக்கால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி அறைந்தது போல் குத்தும்; கொஞ்சம் நடந்ததும் தணியும். குதிக்காலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடி, பாதத்தின் வளைவைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை அளவுக்கு மீறி இழுபடுவதே பெரும்பாலும் காரணம். 40 முதல் 60 வயதுக்காரருக்கு இது அதிகம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களில் பலர் அந்த வயதினர். தேய்ந்த பாட்டாவோடு வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் நடந்தவர் திடீரென்று நாள் முழுக்க நடந்தால் அந்த நார் தாங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும், உறைந்த தண்ணீர்ப் போத்தலை உள்ளங்காலால் உருட்டுவதும் ஆறுதல் தரும். முழுக்க ஆற மாதக்கணக்காகலாம். ஆகவே இந்த வலி உள்ளவர் பயணத்துக்கு வெகுமுன்பே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

செருப்பை மாலையில் வாங்குவது நல்லது. பகல் நடையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுதான் சரியான அளவு. நீளமான விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் வேண்டும். அடித்தட்டு தடிப்பாக, குதிக்காலைத் தாங்குவதாக இருக்க வேண்டும். பாட்டா கழன்றுவிடாமலிருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. நெடுநடையில் அதுவே களைப்பு. பெண்கள் இஹ்ராமிலும் காலுறையோடு மெத்தென்ற சப்பாத்து அணியலாம். ஆண்கள் கணுக்காலை மூடும் சப்பாத்து அணிய முடியாது என்பதால் அவர்களுக்குச் செருப்புத்தான். குதிக்காலுக்குப் பின்னால் பட்டி வைத்தது வாங்குவதானால் மௌலவியிடம் முன்கூட்டியே காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கியதை ஆறு வாரமாவது போட்டு நடந்து பழக்க வேண்டும், தூரத்தையும் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பொதபொதத்த மணலில் தொடங்கக் கூடாது. மணலில் நடக்க, உறுதியான தரையில் நடப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும் என்று 1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்று அளந்து சொன்னது. அலை நனைத்து இறுகிய ஈரமணலோ வீதியோரமோ போதும். இதே கரையோரமாக ஆண்டுதோறும் கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் கடந்து உகந்தைக்கும், அங்கிருந்து குமண, யால காடுகளூடாகக் கதிர்காமத்துக்கும் நடக்கிறார்கள். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறியதும் நிழலில் தங்கும் அவர்களின் நடைமுறை எந்த நெடுநடைக்கும் பொருந்தும்.

மிகுந்த கவனம் வேண்டியவர்கள் சீனி வருத்தக்காரர்கள். நரம்பு பாதிக்கப்பட்ட காலுக்குச் சூடும் தெரியாது, குத்தும் தெரியாது. கஃபாவைச் சுற்றிப் பதித்திருக்கும் கிரேக்கத்தின் தாசோஸ் தீவுச் சலவைக்கல் வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். பள்ளிக்கு வெளியே தார்வீதி அப்படியல்ல. வாசலில் விட்ட செருப்பு காணாமற் போய், வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்தவர்கள் உண்டு. செருப்பைப் போட்டுக் கையோடு கொண்டுபோக ஒரு துணிப்பை, மாற்றுச் செருப்பு ஒரு சோடி, ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி ஆகியவை அவர்களின் பொதியில் மருந்தோடு இருக்க வேண்டும். புறப்படுமுன் கிளினிக்குக்குப் போகும்போது இரத்தத்தில் சீனியை மட்டும் பார்த்துவிட்டு வராமல், செருப்பைக் கழற்றிப் பாதத்தையும் வைத்தியரிடம் காட்டிவிட்டு வர வேண்டும்.