கையொப்பம் மட்டும் போதுமா? யாழ் முஸ்லிம் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியும் பெற்றோரும்

பெற்றோர் பக்கம் நின்றால், "டீச்சர்மார் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள் இல்லை" என்ற பேச்சு. ஆசிரியர் அறைக்குள் போனால், "தாய் தகப்பன் பாடசாலைப் பக்கமே வருகிறார்கள் இல்லை" என்ற பேச்சு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சூழவுள்ள எமது பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எங்கே கதை எழுந்தாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கிறது. நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிப்பவள். மூன்று பிள்ளைகளின் தாயும்கூட. ஆகவே இரண்டு பேச்சுமே என்னைச் சுடுகின்றன. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை, எனக்குத் தெரிந்த அளவில் விளக்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். எமது பாடசாலைகளை ஏனைய ஊர்ப் பாடசாலைகளோடு அப்படியே ஒப்பிட முடியாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் ஊரைக் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது எனக்குப் பத்து வயது. வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் ஒரு பாடசாலையில் என்னைச் சேர்க்க வாப்பா கூட்டிப் போனார். அங்கிருந்தவர் விடுகைப் பத்திரம் கேட்டார். வாப்பாவின் கையில் ஒன்றும் இல்லை. "எத்தனையாம் ஆண்டு படிச்சவ?" என்று கேட்டார். "அஞ்சு" என்றார் வாப்பா. அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இடாப்பில் பெயரை எழுதினார். காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன அதே வாங்குகளில் பின்னேரம் நாங்கள் படித்தோம்.

பிறகு அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் "பாடசாலையும் சமூகமும்" பற்றி விரிவுரைகள் கேட்டேன், குறிப்பு எழுதினேன், பரீட்சையும் எழுதினேன். ஒரு கடதாசியும் இல்லாமல் வாப்பாவின் சொல்லை நம்பிப் பெயர் எழுதிய அந்த மனிதரிடம் கற்றதுதான் இன்றுவரை கூட நிற்கிறது.

2009க்குப் பின் ஊருக்குத் திரும்பினோம். எல்லோரும் திரும்பவில்லை, திரும்பியவர்களும் முழுதாகத் திரும்பவில்லை. வாப்பா இங்கே பழைய இரும்பு, தையல், ஹாட்வெயார், இறைச்சிக் கடை என்று இருப்பார். உம்மா பிள்ளைகளோடு புத்தளத்தில் இருப்பார். அல்லது பிள்ளைகளும் இங்கே, உம்மம்மா மட்டும் அங்கே. காணி இல்லாத குடும்பம் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும். பெருநாளுக்கு, கலியாணத்துக்கு, மௌத்துக்கு என்று புத்தளம் போனால் இரண்டு கிழமை. திரும்பி வரும் பிள்ளைக்குப் பெருக்கல் தொடங்கியிருக்கும், அது இன்னும் கழித்தலில் நிற்கும்.

இன்று தரம் ஒன்றுக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மாரில் பலர் அந்த முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய பாடசாலை நினைவு நெரிசலான கொட்டில், மாலைநேர வகுப்பு, இடையில் நின்றுபோன படிப்பு. அப்படிப்பட்ட ஒருவருக்குப் பாடசாலை வாசல் என்பது உள்ளே நுழையும் இடமல்ல, பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் இடம். "வருகிறார்கள் இல்லை" என்று நாங்கள் சொல்வதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

சட்டம், சுற்றறிக்கை என்று பார்த்தால் பெற்றோருக்கு இடம் இல்லாமல் இல்லை. ஒவ்வோர் அரச பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதிபர் தலைவர். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் உறுப்பினர்கள். 2006இல் கல்வி அமைச்சு தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், பாடசாலை தனக்கென்று திட்டம் போடும்போது பெற்றோரையும் பழைய மாணவரையும் மேசையில் உட்கார வைத்தது. ஆனால் நான் இருந்த கூட்டங்களில் பேசப்பட்டது என்ன? மதில், தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம், விளையாட்டுப் போட்டிக்கு நன்கொடை. இவையும் வேண்டியவைதான், மறுக்கவில்லை. "தரம் மூன்றில் எத்தனை பிள்ளைகள் ஒரு பந்தியைத் தடக்காமல் வாசிக்கிறார்கள்?" என்று ஒருவர் எழுந்து கேட்டதை நான் இன்னும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து குரல் எழுவதே அரிது. பிள்ளையைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவது முதல் இரவு கொப்பி பார்ப்பது வரை செய்பவர்கள் அவர்கள்தான்!

என் அனுபவத்தில் இதைவிடப் பயன் தருவது வகுப்புப் பெற்றோர் வட்டம். ஒரே வகுப்பின் இருபது, இருபத்தைந்து பெற்றோர், வகுப்பாசிரியரோடு அந்த வகுப்பறையிலேயே, பிள்ளைகளின் சிறிய வாங்குகளில் உட்கார்ந்து பேசுவது. தலைவர் உரை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் பிள்ளையின் சித்திரத்தைப் பார்த்தபடியே பேச்சுத் தொடங்கிவிடும்.

இந்த வட்டம் மிகவும் தேவைப்படுவது தரம் ஒன்றின் முதல் மாதங்களில். 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி, புதிதாக வரும் பிள்ளையை ஆசிரியர் முதலில் இனங்காண வேண்டும். பேசுகிறதா, பென்சில் பிடிக்கிறதா, எண்ணுகிறதா, மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறதா என்று விளையாட விட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் முதல் இரண்டு வருடங்களில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் அதிக இடம், மேசையில் இருந்து எழுதுவதற்குக் குறைவு. இதை யாரும் பெற்றோருக்கு விளக்குவதில்லை. கொப்பியைத் திறந்து பார்க்கும் தாய், "ஒரு மாசமாச்சு, ஒரு எழுத்தும் எழுதல்லையே" என்று பதறுகிறார். அடுத்த நாள் பிள்ளை ரியூசனில். அங்கே ஐந்து வயதுக் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறார்கள். அந்தத் தாயில் பிழை இல்லை. அவர் தனக்குத் தெரிந்த பாடசாலையைத் தேடுகிறார். விளக்கியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன், தரம் இரண்டில் ஒரு பையன். வாசிப்பு வரவில்லை. "வீட்டில் வாசிக்கப் பழக்கிக் கையொப்பம் இடவும்" என்று தினமும் கொப்பியில் எழுதி அனுப்பினேன். தினமும் கையொப்பம் வந்தது. வாசிப்பு வரவேயில்லை. தவணைக் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால், "கையொப்பம் மட்டும் வைத்தால் பிள்ளை படிக்குமா?" என்று அந்தத் தாயைக் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் வாசலுக்கு இந்தப் பக்கம் அவருடைய கால் படவில்லை. பின்னர் அவருடைய ராத்தா சொல்லித்தான் தெரிந்தது, கையொப்பம் வைத்தது பையனின் மூத்த காக்கா. தாய் முகாமில் மூன்றாம் ஆண்டோடு நின்றவர். தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் எழுத்து இல்லை.

ஒரு சனிக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நான் என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க. எனக்கு வாசிக்கத்தான் தெரியாது. கேக்கத் தெரியும்."

கேட்கத் தெரியும்! வாசிப்புக்கு வீட்டில் வேண்டிய உதவியில் பெரும் பங்கு அதுதான். பிள்ளை சத்தமாக வாசிக்க ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்பது, "பிறகு என்ன நடந்தது?" என்று கேள்வி போடுவது, தனக்குத் தெரிந்த கதையைப் பிள்ளைக்குச் சொல்வது. வாயில் சொல் இல்லாத பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பொருள் விளங்காது. சொல்லைக் கொடுப்பது வீட்டுப் பேச்சு. அன்று முதல் கையொப்பம் கேட்பதை விட்டேன். அவர் இடியப்பம் பிழியும்போது பையன் குசினி வாசலில் இருந்து ஒரு பக்கம் வாசிப்பான். இரவில் அவர் ஒரு கதை சொல்வார். அடுத்த நாள் அந்தக் கதையை அவன் வகுப்பில் எனக்குச் சொல்ல வேண்டும். அவன் சொன்னதை நான் கரும்பலகையில் எழுத, அதையே அவன் வாசித்தான். தன் உம்மாவின் கதை என்பதால் தடக்கினாலும் விடவில்லை. தரம் மூன்று முடியும்போது வகுப்போடு சேர்ந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் 1968இல் நியூ ஹேவன் நகரின் இரண்டு ஆரம்பப் பாடசாலைகளில் தொடங்கிய வேலையைப் பற்றி ஆசிரியர்கள் படிப்பதுண்டு. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த, மிகவும் பின்தங்கிய பாடசாலைகள். பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே குழுவில் உட்கார வைத்து அவர் போட்ட விதிகளில் ஒன்று, யார் பிழை என்று தேடக் கூடாது, அடுத்து என்ன செய்வது என்று மட்டும் பேச வேண்டும் என்பது. முதலில் குழப்பமாகவே போனது. வருடங்கள் சென்றுதான் வரவும் பெறுபேறும் உயர்ந்தன. அந்த விதியை நான் கொஞ்சம் முன்னரே மனதில் எடுத்திருந்தால் அந்தத் தாயைத் தலைகுனிய வைத்திருக்க மாட்டேன்.

இப்போது என் வகுப்பில் வருடத்தின் முதல் அழைப்பு நல்ல செய்திக்குத்தான். "உங்கள் மகள் இன்று தன் சாப்பாட்டைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பங்கிட்டாள்" என்று ஒரு வரி. பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தாலே முறைப்பாடு என்று பழகிய வீட்டுக்கு அது புதுமை. அப்படி ஓர் அழைப்பு போன வீட்டுக்குப் பிறகு குறையைச் சொன்னாலும் காது கொடுப்பார்கள். புத்தளத்தில் இருக்கும் வாப்பாவுக்கும் வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு. எழுதினால் வாசிப்பதில்லை, குரல் என்றால் கேட்கிறார்கள். தாய்மாருக்கான வட்டம் காலையில் பிள்ளையை விட வரும் நேரத்திலேயே. தகப்பன்மாருக்கு ஜும்ஆவுக்குப் பின் வைத்துப் பார்த்தோம், கடை திறக்க ஓடிவிட்டார்கள். இஷாவுக்குப் பின் வைத்தபோது வந்தார்கள், எல்லோரும் அல்ல.

மாலை நேரக் குர்ஆன் மத்ரஸா மௌலவியையும் இந்த வட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பாடசாலை, ரியூசன், மத்ரஸா என்று ஒரே பிள்ளை ஒரு நாளில் மூன்று இடத்தில் உட்காருகிறது. அந்த மூன்று இடமும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. பாடசாலையில் சோம்பேறி என்று பெயர் எடுத்த ஒரு பிள்ளை மத்ரஸாவில் கெட்டிக்காரன் என்று தற்செயலாகத்தான் அறிந்தேன். கண் பார்வைக் குறைவு. மத்ரஸாவில் முன்வரிசை, என் வகுப்பில் கடைசி வாங்கு.

எமது பாடசாலையில் என்னோடு கற்பிக்கும் தமிழ்ச் சகோதரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை. அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளின் பாடசாலைகளுக்கோ வேறு தவணை. அதையும் சமாளித்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் பெற்றோர் சிலர் அவர்களிடம் பேசக் கூச்சப்பட்டு, எல்லாவற்றுக்கும் என்னிடமே வருகிறார்கள். பழைய காயம் ஆறக் காலம் எடுக்கும், புரிகிறது. எனினும் வகுப்பாசிரியரிடம்தான் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். நோன்பு தொடங்கமுன் ஒரு வட்டத்தில், பிள்ளைகள் ஏன் சஹருக்கு எழும்ப அடம்பிடிக்கிறார்கள், ஏன் தூங்கி விழுகிறார்கள் என்று ஒரு தாய் தமிழ் ஆசிரியைக்கு விளக்கினார். அன்றைக்குப் பின் அவர்கள் இருவரும் என்னைத் தேடவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே இவ்வளவு மட்டும்: நான்கு வருடம் வராத பெற்றோர் ஐந்தாம் வருடம் வாரம் ஒரு முறை வருகிறார்கள். அந்த அக்கறையில் கால்வாசி தரம் ஒன்றில் கிடைத்திருந்தால் ஐந்தில் அந்தப் பதற்றம் வேண்டியதில்லை.

கடைசியாக, புத்தளம் போவதைப் பற்றி. 1997இல் வெளியான ஒழுங்குவிதி 5 முதல் 14 வயதுவரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கியது, 2016இல் அது 16 வயதுவரை நீட்டப்பட்டது. சட்டத்தைக் காட்டி எமது மக்களை வெருட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஜனாஸாவுக்குப் போகாதே என்று யார் சொல்வது? போகுமுன் வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த இரண்டு கிழமைக்கான வேலையைத் தந்துவிடுகிறோம். குடியிருப்பையே மாற்றுவதாக இருந்தால் விடுகைப் பத்திரத்தையும் தேர்ச்சி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள். பத்திரம் எடுக்காமல் போனால் இரண்டு ஊர் இடாப்பிலும் பெயர் இருக்கும், பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்காது. பிள்ளைகளின் தொகையை வைத்துத்தான் ஆசிரியர் ஆளணி தரப்படுகிறது. தொகை குறைய ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைய இருக்கும் பெற்றோரும் நகரத்துப் பெரிய பாடசாலைகளைத் தேடுவார்கள். திரும்பி வந்து நாம் மீளத் தொடங்கியதை நாமே மூட வேண்டி வரும்.

சென்ற வருடம் என் பிள்ளை ஒருத்தி புத்தளத்துக்கு மாறிப் போனபோது, அங்குள்ள வகுப்பாசிரியையின் இலக்கத்தைத் தேடி எடுத்துப் பேசினேன். "ஏழாம் வாய்ப்பாடு வரை தெரியும், சத்தம் போட்டால் அழுவாள், பாடச் சொன்னால் பாடுவாள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். ஐந்து நிமிட வேலை.

இந்த வருடம் தரம் ஒன்றில், அந்தப் பையனின் தங்கை. முதல் நாள் அவருடைய உம்மா வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து பிள்ளையோடு வாங்கில் உட்கார்ந்தார். படிவத்தில் தன் பெயரைத் தானே எழுதினார். அடுத்த வட்டத்தில் வகுப்புக்கு ஒரு கதை சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். களப்பில் நண்டு பிடிக்கப் போன கதையாம்.