தழும்பை அளக்கும் கணிப்பொறி

வலப்புற விலா எலும்புகளின் அடியில் இருந்துகொண்டு அல்லும் பகலும் ஓயாது உழைக்கும் உறுப்பு கல்லீரல். வளர்ந்த ஒருவரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். சத்துப்பொருள்களைச் சேமித்து வைத்தல், பித்தநீரைச் சுரத்தல், நச்சுப்பொருள்களை அகற்றுதல் ஆகியவை அதன் பணிகளுட் சில. ஆனால் தன் துன்பத்தை அது எளிதில் வெளிக்காட்டுவதில்லை. நோய் முற்றிய பின்னரே பலருக்கு அறிகுறிகள் தென்படுகின்றன. ஆகவே அதன் உள்நிலையை அளந்தறிவது மருத்துவருக்கு இன்றியமையாததாகிறது. அவ்வாறு அளக்கும் முறைகளுள் ஒன்றை இங்கே காண்போம்.

தழும்பு உண்டாவது எப்படி?

முழங்காலில் பட்ட காயம் ஆறினால் தழும்பு விழுகிறதல்லவா? கல்லீரலிலும் அப்படித்தான். ஹெபடைடிஸ் பி, சி வைரசுகளோ, மதுப்பழக்கமோ, அளவுக்கு மீறிய கொழுப்போ அதை ஆண்டுக்கணக்கில் புண்படுத்தும்போது, அங்கே வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்திருக்கும் விண்மீன் வடிவச் செல்கள் தம் இயல்பு மாறுகின்றன. அவை கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை மிகுதியாக உண்டாக்குகின்றன. இதனையே ஃபைப்ரோசிஸ் என்கிறோம். நார்கள் பட்டைகளாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடி, கல்லீரலை முடிச்சு முடிச்சாகப் பிரித்துவிட்டால் அந்நிலைக்குச் சிர்ரோசிஸ் என்று பெயர்.

இடம் வேறு, மதிப்பெண் வேறு

இத்தழும்பைக் காண, மெல்லிய ஊசியால் கல்லீரலிலிருந்து நூல் போன்ற ஒரு துணுக்கை எடுப்பர். இதுவே பயாப்சி. துணுக்கின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து மருத்துவர் ஆராய்வார். நார் எங்கே இருக்கிறது, எப்படிப் படர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு படிநிலை கொடுப்பார். மெட்டாவிர் முறையில் 0 முதல் 4 வரையும், 1995-இல் வெளியான இசாக் முறையில் 0 முதல் 6 வரையும் படிகள் உண்டு.

இப்படிகள் நம் வகுப்பில் கிடைக்கும் முதலிடம், இரண்டாமிடம் போன்றவை. முதல் மாணவிக்கும் இரண்டாம் மாணவிக்கும் ஒரு மதிப்பெண்தான் வேறுபாடு இருக்கலாம். இரண்டாம் மாணவிக்கும் மூன்றாம் மாணவிக்கும் இடையே இருபது இருக்கலாம். அதுபோல், இரண்டாம் படியில் இருப்பவருக்கு முதற்படியில் இருப்பவரைவிட இருமடங்கு தழும்பு என்று கொள்ள முடியாது. கடைசிப் படியில் இருக்கும் இருவருள் ஒருவருக்கு நார் சற்றே மிகுந்தும், மற்றவருக்குப் பன்மடங்கு மிகுந்தும் இருக்கலாம். மருந்து உண்டபின் நார் குறைந்தாலும் படி மாறாமலே இருக்கலாம். அப்போது அந்நோயாளி முன்னேறினாரா என்பதைப் படி எண் எப்படிச் சொல்லும்?

கட்டங்களை எண்ணுதல்

கணக்கு வகுப்பில், ஒழுங்கற்ற உருவத்தின் பரப்பைக் காண அதை வரைபடத்தாளில் வரைந்து கட்டங்களை எண்ணுகிறோம். கணிப்பொறியும் இதையே செய்கிறது. பிக்ரோசிரியஸ் ரெட் என்ற சாயம் கொலாஜனைச் சிவப்பாகவும் மற்றப் பகுதிகளை மஞ்சளாகவும் காட்டும். அந்த ஏட்டைப் படமெடுத்தால் அது இலட்சக்கணக்கான நுண்ணிய புள்ளிகளாகப் பதிவாகிறது. திசுவின் புள்ளிகள் 10 இலட்சம், அவற்றுள் சிவந்தவை 1 இலட்சத்து 20 ஆயிரம் என வைத்துக்கொள்வோம். அப்படியானால் கொலாஜனின் பங்கு 12 விழுக்காடு.

இலண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள், 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விழுக்காட்டைக் கல்லீரலின் இரத்தநாள அழுத்தத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினர். அவ்வழுத்தம் மிகும்போதுதான் வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி போன்ற ஆபத்துகள் நேர்கின்றன. எனவே இது வெறும் கணக்கன்று. நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

எண்ணுக்கும் எல்லை உண்டு

எவ்வளவு சிவந்திருந்தால் சிவப்பு என்று கொள்வது? அந்த வரம்பைக் குறித்துத் தருபவர் மனிதரே. சாயம் தடித்துவிட்டால் எண் உயரும். ஏடு மடிந்திருந்தால் கணக்குப் பிசகும். கல்லீரலின் மேலுறையிலும் பெரிய இரத்தக்குழாய்களைச் சுற்றியும் இயற்கையாகவே கொலாஜன் உண்டு. அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கவேண்டும். மேலும், ஒரே 12 விழுக்காடு மெல்லிய இழைகளாகப் பரவியும் இருக்கலாம். தடித்த பட்டைகளாக ஓடியும் இருக்கலாம். அந்த வடிவத்தை விழுக்காடு மட்டும் சொல்லாது. ஆதலால் மருத்துவரின் கண்ணும் கணிப்பொறியின் எண்ணும் சேர்ந்தே இயங்கவேண்டும்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். கல்லீரல் அப்படிச் சீராக வெந்த சோறன்று. தழும்பு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். துணுக்கோ முழு உறுப்பில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 15 மில்லிமீட்டர் துணுக்குகளில் 65 விழுக்காடும், 25 மில்லிமீட்டர் துணுக்குகளில் 75 விழுக்காடுமே சரியான படியைக் காட்டின. துணுக்கு மிகச் சிறிதானால் எவ்வளவு நுட்பமான எண்ணும் ஐயத்திற்குரியதே.

இன்று ஊசியின்றியே கல்லீரலின் விறைப்பை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எனினும் ஐயம் தீராத இடங்களிலும், புதிய மருந்துகளைச் சோதிக்கும்போதும் பயாப்சியின் உதவி தேவைப்படுகிறது. ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி நோயைச் சில மாதங்கள் மாத்திரை உண்டே பெரும்பாலோர் குணப்படுத்திக்கொள்ளலாம். புண்படுத்தும் காரணம் நீங்கினால் கல்லீரல் தன் தழும்பை மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளவும் கூடும். அந்த நற்செய்தியை நோயாளிக்கு உறுதியாகச் சொல்ல, நம் வரைபடத்தாளில் நாம் கற்கும் அதே எளிய கணக்கு துணைபுரிகிறது.