மணி இறங்கினான்... மாடு ஏறியது!

"அப்பா, மணியையும் கூட்டிட்டுப் போலாம்ப்பா!"

என் பத்து வயது மகள் சொன்ன இந்த ஒரு வரியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

சாணார்பட்டியில் வாசலில் நின்று நிமிர்ந்தால் சிறுமலை. தினம் பார்க்கிறோம், போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் மலையும்! ஒருநாள் போயே தீருவது என்று முடிவானது. என் மனைவி, மகள், எங்கம்மா, பழைய வேன்... கூடவே மணி.

மணியைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜபாளையமில்லை, சிப்பிப்பாறையில்லை, கன்னியுமில்லை. கோம்பைக்கும் அவனுக்கும் ஒரே ஒற்றுமை, இரண்டும் குரைக்கும். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும் சுத்த வீரன்.

"தூர பயணம், பட்டினியா வரக்கூடாது" என்று கிளம்பும்போது அவனுக்கு மூன்று இட்லி வைத்தேன். முதல் தப்பு அதுதான்.

நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து சிறுமலைக்கு ஏறினால் மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் மூன்று இட்லியும் எங்கம்மா மடிக்கு இடம் மாறின.

"ஒன்னைப் பெத்து வளத்தது பத்தாதுன்னு இது வேறயா!" என்றார் அம்மா.

பயணத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே நாய்க்குச் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன் அடிவாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் எட்டிப் பார்த்த காவலர், "சார், நாயைக் கீழ எறக்காதீங்க. எறக்குனாலும் கயித்தை விட்றாதீங்க" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே, "எங்க மணி ரொம்ப சாது சார்" என்றேன்.

சாது மிரண்டால்...

மேலே ஒரு வளைவில் இட்லி அபிஷேகத்தைக் கழுவ நிறுத்தினோம். மணி பரிதாபமாகப் பார்த்தான். 'பாவம், அவனும் ஒதுங்க வேண்டாமா?' என்று கயிற்றை அவிழ்த்தேன். அவ்வளவுதான்! தபால்காரருக்கே பயந்தவன், உண்ணிச்செடிப் புதருக்குள் அம்பு மாதிரி பாய்ந்தான். உள்ளே ஒரே குரைப்பு. என்ன திடீர் வீரம் என்று யோசிக்கும்போதே புதருக்குள்ளிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. லாரி ஏர் பிரேக் பிடித்த மாதிரி சத்தம்.

காட்டுமாடு!

வளர்ந்த கடா என்றால் எடை ஒரு டன்னைத் தொடும். கால் முட்டிக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டது போலிருக்கும். அந்த சாக்ஸ் நான்கும் சரிவில் நம்மை நோக்கி ஏறி வந்தால், ரசிக்க முடியாது.

இங்கேதான் நான் வாழ்நாளில் மறக்காத பாடம். தெருநாய் பயந்தால் சந்துக்குள் ஓடும். வளர்ப்பு நாய் எங்கே ஓடும்? தன்னைச் சோறு போட்டு வளர்த்தவரிடம்! பின்னால் துரத்தி வருவதையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். மணி நேராக என் மகளின் காலடிக்கு ஓடி வந்தான். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் மாடு.

என் மனைவி மகளைத் தூக்கி வண்டிக்குள் எறிந்ததும், மணி அவள்மேல் விழுந்ததும், நான் கதவைச் சாத்தியதும் ஒரே விநாடியில் நடந்தன. மாடு நின்றது. எங்களை ஏற இறங்கப் பார்த்தது. 'இதுங்களுக்கெல்லாம் ஒரு நாய் வேற!' என்பது போல மூச்சு விட்டுத் திரும்பிப் போனது.

"சாதுன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி. திண்டுக்கல் திரும்பும்வரை அவள் பேசிய ஒரே வாக்கியம்.

டாக்டர் கேட்ட கேள்வி

கதை அங்கே முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் மணி சாப்பிடவில்லை. உடம்பு கொதித்தது. கால்நடை டாக்டர் காதைப் புரட்டிப் பார்த்தார். கொத்துக் கொத்தாக உண்ணி! உண்ணிச்செடிக்குள் போனவன் உண்ணியோடு திரும்பியிருக்கிறான். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று வந்தது. நான்கு வாரம் மாத்திரை. பிழைத்துக்கொண்டான்.

"காட்டுக்குப் போனது இப்படி ஆயிருச்சே டாக்டர்" என்று புலம்பினேன்.

அவர் மணியின் ஊசிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "காடு ஒங்க நாய்க்கு என்ன குடுத்துச்சுன்னு கேக்குறீங்க. ஒங்க நாய் காட்டுக்கு என்ன குடுத்திருக்கும்னு யோசிச்சீங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வெறிநாய்க்கடி ஊசி தவறாமல் போட்டிருந்தோம். டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான ஊசியை இரண்டு வருடமாக மறந்தே போயிருந்தோம்.

டிஸ்டெம்பர் என்பது நாய்களிடையே பரவும் வைரஸ் நோய். ஆனால், நாயோடு நிற்காது. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டில் சுமார் 1,000 சிங்கங்களை அது வாரிக்கொண்டு போனது. அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு! சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடமிருந்து கிளம்பியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். நம் நாட்டில், 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. சோதித்த சிங்கங்கள் பலவற்றில் அதே டிஸ்டெம்பர் வைரஸ். ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் மேற்கு மலைத் தொடரில் திரியும் செந்நாய், மணிக்கு ஒன்றுவிட்ட பங்காளி. நாய்க்கு வரும் நோய் அதற்கும் வரும். ஊசி போட அதற்கு டாக்டரும் இல்லை, புத்தகமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சிறுத்தைக்கு நாய் என்றால் நமக்குப் பரோட்டா மாதிரி. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையில் எடைக்கணக்கில் 39 சதவீதம் வீட்டு நாய்கள்! சிறுத்தை உள்ள காட்டோரத்தில் அந்தி நேரத்தில் நாயை அவிழ்த்துவிடுவது, இலை போட்டுப் பரிமாறுவதற்குச் சமம்.

பெரியவர்களும் பட்டவர்கள்தான்

எனக்கு ஒரே ஆறுதல், பெரிய மனிதர்களும் இதில் பட்டிருக்கிறார்கள் என்பதுதான். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக், 1960-ல் சார்லி என்ற பூடில் நாயோடு ஒரு வண்டியில் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். யெல்லோஸ்டோன் காட்டு வாசலில் காவலர் எச்சரித்தார். கரடிகள் இருக்கின்றன என்றார். சார்லி பரம சாது என்று இவரும் என்னைப் போலவே சொன்னார். உள்ளே போய்க் கரடியைப் பார்த்ததும் சாது சார்லி வெறி பிடித்துக் கத்திய கத்தலில், ஸ்டீன்பெக் வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

கவனியுங்கள். அவர் நாயை அவிழ்த்துவிடவில்லை. வண்டியைத் திருப்பினார்! அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் நோபல் பரிசு மட்டுமல்ல.

அதற்கும் முன்னால், 1903-ல் ஹொராஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 63 நாளில் கார் ஓட்டிப் போனார். காரில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் ஆள் அவர். வழியில் 'பட்' என்ற நாயை வாங்கினார். புழுதியில் அதன் கண் கலங்க, அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வரும் நம்மூர் நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடி ஞாபகம் வரும். கண்ணில் தூசியோ பூச்சியோ அடித்தால் வேதனை அதற்குத்தான். ஜன்னலைப் பாதி ஏற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு போவதென்றால்...

எல்லா ஊசியும் நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். உண்ணி மருந்து கிளம்பும் முன்பே. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை நிறுத்துங்கள், ஆனால் ஊருக்குள் நிறுத்துங்கள். காட்டுச் சாலையில் இறங்குவது நமக்கே ஆகாது. முதுமலையைத் தாண்டி வரும் பந்திப்பூர் சாலையில் 2009-லிருந்தே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காரணம், வண்டிகளில் அடிபட்டுச் செத்த விலங்குகள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நாயைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது அதற்கு. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அடுப்பாகக் கொதிக்கும் வண்டிக்குள் அந்த இரைப்பு போதாது. எங்கே இறங்கினாலும் கயிறு கையில் இருக்கட்டும். சரணாலயம், புலிகள் காப்பகம் சுற்றிப் பார்க்கவென்றால் நாயை அழைத்துப் போகவே வேண்டாம்.

'நாய்க்கு இடமில்லை' என்று முதன்முதலில் சொன்ன செக்போஸ்ட்காரர் இந்திரன்தான். மலையேறி வந்த தர்மரிடம், நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறச் சொன்னார். தர்மர் மறுத்தார். நாயை விட்டு சொர்க்கம் வேண்டாம் என்றார். சரிதான். ஆனால், நாயை அவர் சொர்க்கத்தில் அவிழ்த்துவிட்டதாக எங்கும் இல்லை!

நாங்கள் அதற்குப் பிறகும் சிறுமலைக்குப் போகிறோம். மணி வருவதில்லை. "அவனும் வரலை, நானும் வரலை" என்று எங்கம்மா வீட்டிலேயே இருந்துகொள்கிறார்.

பிரிவில் வாடுகிறானோ என்று ஒருநாள் பாதி வழியில் வண்டியைத் திருப்பி வந்து எட்டிப் பார்த்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது இட்லி.